அத்தானின் வெள்ளணுக்கள்

போன மாதம் ஹப்சிகுடாவில் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். துணைக்கு அக்கா மகள் வந்தாள். ரத்தம் எடுக்கும் பெண் என் கையில் ஒரு சிவப்புப் பந்தைத் திணித்து, நன்றாக இறுக்கிப் பிடிக்கும்படி தெலுங்கில் சொன்னாள். வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் கையில் நரம்பு தேடியவள் நான். எனக்கே பாடம் நடத்துகிறாள் என்று சிரிப்பு வந்தது. பந்தை அமுக்கியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. எண்பதுகளின் நடுவில் இதே போல ஒரு சிவப்பு ரப்பர் பந்தை என் அத்தானின் கையில் நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பந்து, இப்போது பக்கத்தில் நிற்கும் இந்த அக்கா மகளுடையதுதான். அப்போது இவளுக்கு நான்கு வயது. அப்பாவுக்கு வேண்டும் என்று கேட்டதற்கு முதலில் தெருப் பிள்ளைகளின் உருதுவில் "நக்கோ", மாட்டேன் என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே கொண்டு வந்து என் பையில் போட்டாள்.

அத்தான் ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிக்காரர், யூனியன் ஆள், சத்தமாகச் சிரிப்பார். பீகாரில் ஒரு மின் நிலையத்தில் புது இயந்திரம் பொருத்தி நிறுவும் வேலைக்காக அவரையும் இன்னும் சிலரையும் அனுப்பினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் தகரக் கொட்டகையில் தங்கிவிட்டுத் திரும்பியவர், விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு வந்தார். மலேரியா என்றார்கள், டைபாய்டு என்றார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த நோய் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆள் குச்சியாகி, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் மட்டும் கல் மாதிரி வீங்கிய பிறகுதான் காலா அசார் என்று தெரிந்தது. மணல் ஈ கடித்து வரும் நோய். கொடுமை என்னவென்றால், நான் வேலை பார்த்த ஹப்சிகுடா ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியைத்தான் குடுவை குடுவையாக வளர்த்துக்கொண்டிருந்தோம். நம் வீட்டிலேயே தெரிந்த ஆள் இருக்கிறாள் என்று அக்காவுக்கு அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்குக் கிருமியைத் தெரியும், வைத்தியம் தெரியாது.

அரசு ஆஸ்பத்திரியில் தினமும் அவருக்கு ஆன்டிமனி ஊசி போட்டார்கள். எங்களால் ஆனது ஒரு பரிசோதனை மட்டும். அவருடைய ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, கொன்று அரைத்த கிருமியோடு சேர்த்து, வெதுவெதுப்பான பெட்டியில் ஆறு நாள் வைப்போம். எதிரியை அடையாளம் கண்டுகொண்டால் அணுக்கள் பிரிந்து பெருகும்; இயந்திரம் அதை எண்ணிச் சொல்லும். அத்தானுடைய அணுக்கள் பெருகவில்லை. அவை செத்தும் போகவில்லை. வேறு எதைப் போட்டாலும் துள்ளின. இந்தக் கிருமியைக் கண்டால் மட்டும் சும்மா இருந்தன. கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய அணுக்களுக்குள்ளேயே அது குடியிருக்கிறது என்று நான் விளக்கியபோது, அத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பம் உள்ள ஸ்டிரைக்குன்னு சொல்லு" என்றார். "நான் எத்தன ஸ்டிரைக்கு நடத்தியிருக்கேன், எனக்கே நடத்துதானுவ." அன்றிலிருந்து நான் கட்டிலருகில் போனதும் அவர் கேட்பது ஒன்றுதான்: "என்ன டாக்டரம்மா, பயலுவ ட்யூட்டிக்குத் திரும்பிட்டானுவளா?" இன்னும் இல்லை அத்தான் என்பேன். பேச்சுவார்த்தை நடக்கிறதாக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அவருடைய எலும்பு மஜ்ஜையில் எடுத்த கிருமியும் எங்களிடம் வளர்ந்தது. அதற்கு அவர் பெயரின் முதல் எழுத்துகளையே வைத்திருந்தோம், அப்படித்தான் வழக்கம். கோடை அது. ஆஸ்பத்திரியில் அவர் தலைக்கு மேல் மின்விசிறி முக்கிக்கொண்டு சுற்றியது. கிருமிக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதால் அதன் அறைக்கு மட்டும் ஏ.சி. போட்டிருந்தோம். புதுத் திரவம் மாற்றி அதைப் பேணுவது என் வேலை. உருப்பெருக்கியில் பார்த்தால் வால் முளைத்து அப்படி ஒரு சுறுசுறுப்பு. எனக்கு வயிறு எரியும். ஆனாலும் ஒரு நாள்கூட அதைப் பட்டினி போட்டதில்லை. அதை வைத்துத்தானே அவர் அணுக்கள் விழித்ததா என்று பார்க்க வேண்டும்? கம்பெனி பஸ்ஸிலும் பிறகு டவுன் பஸ்ஸிலும் நசுங்கி வந்து சேரும் அக்கா ஒருமுறை கேட்டாள்: "எல்லாரும் ஒரே ஷெட்லதான படுத்தாக? இவுகளுக்கு மட்டும் ஏன் வரணும்?" இதை எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரிடம் கேட்டேன். ஈ எல்லோரையும் கடித்திருக்கும், சிலர் உடம்பு பிறப்பிலேயே அதைத் தடுக்கும், எந்த மரபணு என்று இன்னும் தெரியாது என்றார் அந்த நல்ல மனிதர். இதைக் கொண்டுபோய் அக்காவிடம் எப்படிச் சொல்வது? தலையெழுத்து என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொன்னதற்கும் இதற்கும் அவளைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம்?

இரண்டாவது சுற்று ஊசி பாதியில் இருக்கும்போது காய்ச்சல் விட்டது. இட்லி கேட்டு வாங்கித் தின்றார். அன்று ரத்தம் எடுக்கப் போனேன். அதற்கு முந்தைய தடவைகளில் பந்து அவர் கையில் சும்மா கிடக்கும், நான்தான் அவர் விரல்களைச் சேர்த்து மூடிப் பிடிப்பேன். அன்று அவரே அமுக்கினார். பந்து குழிந்தது. நரம்பு எழும்பி வந்தது. "பாத்தியா" என்றார். நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். ரத்தத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "இந்தத் தடவ நல்ல சேதியா வரும், போ" என்றார். பஸ்ஸில் அந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு நான் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தேன்.

நான்காம் நாள் காலையில் அத்தான் போய்விட்டார். பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தாராம். அந்த ஆன்டிமனி மருந்து இதயத்தைத் தாக்கக்கூடும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். அன்று கைக்கு எட்டிய மருந்தும் அது ஒன்றுதான். காரியங்கள் நடந்தன. ஆய்வுக்கூடத்தில் மீதி வேலையைத் தாங்கள் முடிப்பதாகச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ரத்தம் எடுத்த ஆறாம் நாள் நானே போய், அவர் அணுக்கள் இருந்த குழித் தட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இயந்திரம் எண்ணத் தொடங்கியது. கிருமியைப் போடாத குழிகளில் வழக்கமான சொற்ப எண்கள். கிருமியைப் போட்ட குழிகளுக்கு வந்ததும் எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே போயின. பிழையோ என்று மறுபடி எண்ணவைத்தேன். பிழை இல்லை. அவருடைய அணுக்கள் கிருமியை அடையாளம் கண்டுகொண்டுவிட்டன. அந்தக் குளிர்ந்த அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, "திரும்பிட்டானுவ அத்தான்" என்று வாய்விட்டே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொல்லிவிட்டேன். மறைக்கும் தெம்பு எனக்கு இல்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ் நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "ஏன் ஆறு நா ஆவுது ஒங்களுக்கு?" என்று கேட்டாள். அணுக்கள் பெருக அவ்வளவு நேரம் பிடிக்கும் என்றேன். "அவுக தெனமும் கேட்டாகளே" என்றாள். கடைசிவரை அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹப்சிகுடாவில் ரத்தம் கொடுத்துவிட்டு, தலை சுற்றல் போகட்டும் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா மகளின் கைப்பேசி ஒலித்தது. "சித்தி, ரிப்போர்ட் வந்துருச்சு. ஒன் அவர்கூட ஆகல, சூப்பர்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அந்தப் பந்து நினைவில்லை, அப்பாவின் முகமே நினைவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று அவள் படித்தது என் காதில் விழவில்லை. "கைய விடு சித்தி, ரத்தம் எப்பவோ நின்னுருச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான், பந்தை இன்னும் அமுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.