முன்னாடி மட்டும் போற காரு

காரை ரிவர்ஸ் எடுக்குறதுல ஓசூர் சுத்துவட்டாரத்துல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது. பொய்ங்க. என் காருல ரிவர்ஸ் கியரே கிடையாது.

முன்னாடி இருந்துச்சு. ஒருநாள் கியர் போட்டேன், உள்ள யாரோ கல்லை மென்னு திங்கிற மாதிரி சத்தம். மெக்கானிக் கீழ படுத்து பாத்துட்டு எந்திரிச்சாரு. "பல்லு போச்சுண்ணா. புது கியர்பாக்ஸ் போட்டா உன் காரு வெலைய தாண்டிரும். பெங்களூர்ல பழசு ஒன்னு சொல்லி வெக்கிறேன். அது வர்ற வரைக்கும் முன்னாடியே போயிட்டிரு."

முன்னாடியே போனேன். டீ குடிக்கணும்னாகூட பெட்ரோல் பங்க்ல இருக்குற கடைதான். ஒரு பக்கம் பூந்து இன்னொரு பக்கம் வெளிய வரலாமில்ல. கல்யாணப் பத்திரிகை வந்தா பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு கேக்கமாட்டேன், மண்டபத்துக்கு ரெண்டு கேட் இருக்கான்னுதான் கேப்பேன். அந்த பெங்களூர் பழைய சாமான் கடைக்காரருக்கு போன் போட்டா கன்னடத்துல "நாளெ பா"ம்பாரு, நாளைக்கு வான்னு. அந்த நாளை வரவே இல்ல.

எங்கூட்டுக்காரி கண்டிஷனா சொல்லிட்டா. "எங்க ஆளுங்க முன்னாடி இந்த டப்பாவ தள்ளிக்கிட்டு நின்னீங்க, மறுநாளே எடைக்கு போட்டுருவேன்."

அந்த நேரம் பாத்து கிருஷ்ணகிரியில மச்சினன் புது வூட்டுக்கு பால் காச்சுறான். மெயின் ரோட்டுலயே நிறுத்திக்கலாம்னு பாத்தா, பாசக்காரப் பய ஓடியாந்து, "வாங்க மாமா, வாங்க மாமா"ன்னு கையக் காட்டி சந்துக்குள்ள கூட்டிட்டு போயிட்டான். முட்டுச்சந்து. உள்ள சொந்தக்காரங்க வண்டிங்க, கடைசியா அடைப்பு மாதிரி என் காரு.

சாப்பிட்டு முடிச்சதும் சகலை கெளம்பணும்னாரு. "சகலை, உங்க வண்டிய கொஞ்சம் பின்னாடி எடுங்க."

எங்கூட்டுக்காரி என்னைப் பாத்தா. என் கையில பாயசம். வாய் தானா பேசிருச்சு.

"எங்க பக்கம் பால் காச்சுன வூட்டு வாசல்லருந்து இன்ஜின் போட்டு வண்டிய பின்னாடி எடுக்கமாட்டாங்க. லட்சுமி பயந்து கூடவே போயிருவாளாம். சொந்தக்காரங்க கை வெச்சுத்தான் தள்ளணும்."

"எந்த பக்கம் மாமா?"ன்னான் மச்சினன்.

"சாமல்பட்டி பக்கம்." அங்க எனக்கு ஒரு பங்காளியும் கிடையாது.

மாமனாரோட அண்ணன் வெத்தலைய ஒதுக்கிக்கிட்டு, "ஆமாமா, நான்கூட கேள்விப்பட்டிருக்கேன்"னாரு. எனக்கே லேசா நம்பிக்கை வந்துருச்சு.

அத்தனை பேரும் பக்தியா தள்ளுனாங்க. டப்பா தேரு மாதிரி போச்சு. எங்கூட்டுக்காரியும் ஒரு கை வெச்சா. "எடைக்கு போடறதா இருந்தா உங்களைத்தான் போடணும்"னு காதுல சொன்னா, ஆனா சிரிச்சுட்டா. காரு பொழைச்சுதுடான்னு நெனச்சேன்.

"அப்ப என் வண்டியும் தள்ளணுமில்ல?"ன்னாரு சகலை.

அவருது யானை சைஸு. அதைத் தள்ளுனோம். அதுக்கடுத்ததையும் தள்ளுனோம். வழக்கம் எங்க பக்கத்துதாம், அதனால எல்லாத்துக்கும் மொத கை நான்தான் வெக்கணும். ஒரு வாரம் இடுப்புல தைலம்.

அதோட போச்சா? அவங்க சொந்தத்துல இப்ப யாரு பால் காச்சுனாலும் இதான் வழக்கம். இன்னிக்கும் அப்படி ஒரு வூட்டுக்குத்தான் வந்து, பந்தல் ஓரமா உக்காந்திருக்கேன். என் கியர்பாக்ஸ் கூட போன மாசம் வந்துருச்சு. அது எப்படின்னா, அந்த பெங்களூர் கடைக்காரரு திடீர்னு ஒருநாள் அவரா கூப்புட்டு...

"என்னங்க, அங்க என்ன உக்காந்துக்கிட்டு? எந்திரிங்க. சமையல்காரங்க வேன் கெளம்பணுமாம்."