குடும்ப அட்டையில் என் பெயர்

இந்த நாட்டில் தனியாக இருப்பதற்குத் தள்ளுபடி தருகிறார்கள். சொன்னால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். நான் இங்கிலாந்துக்கு வந்து, முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலையில் சேர்ந்து, அவர்கள் கொடுத்த விடுதியை விட்டு ஒற்றை அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்த மாதத்தில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கே குடியிருக்கும் வீட்டுக்கெல்லாம் கவுன்சில் டாக்ஸ் என்று ஒரு வரி உண்டு. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு போடுவது எல்லாம் அதிலிருந்துதான். வீட்டில் பெரியவர் ஒரே ஒருவர் இருந்தால் அந்த வரியில் கால்வாசி கழிவு. உங்கள் ஹவுஸ்ஹோல்டில் எத்தனை பேர் என்று எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். ஒண்டியாகக் கிடக்கிறவளைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஊரிலிருந்து வந்தவள் நான். இங்கே அந்த ஐயோ பாவத்தையும் கணக்குப் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள்.

அகராதியில் பார்த்தேன். ஹவுஸ்ஹோல்ட் என்றால் குடும்பம் என்று போட்டிருந்தது. அம்மா, தம்பி முருகேசன், நான். மூன்று என்று எழுதித் தபாலில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து, நேரில் வந்து விளக்கம் தரவும் என்று இன்னொரு கடிதம் வந்தது. வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, செய்யாத குற்றத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன் போகிறவளைப் போலப் போய் நின்றேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அம்மா வயதில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

“ஒரே அறையில் பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை. அம்மாவும் தம்பியும் இந்தியாவில் இருக்கிறார்கள்.”

“அப்படியானால் அவர்கள் உங்கள் ஹவுஸ்ஹோல்டில் இல்லை.”

“இருக்கிறார்கள். என் சம்பளத்தில் பாதி அங்கேதான் போகிறது.”

“அது உங்கள் நல்ல மனசு, செல்லம். ஆனால் ராத்திரி இந்த வீட்டில் தூங்குவது யார்? நீங்கள் மட்டும்தானே?”

அவர் என்னைத் திட்டவில்லை. சிரித்த முகமாக என்னுடைய ‘மூன்று’ மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் ‘ஒன்று’ என்று எழுதி, படிவத்தை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார். “நல்ல செய்திதான். இனிமேல் வரி குறையும்” என்று வேறு சொன்னார். நானும் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அழுகை வந்துவிட்டது. காசு மிச்சமானதற்கு அழுத ஒரே ஆள் அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

வருமானத்தையும் குடும்பத்தையும் காகிதத்தில் காட்டும் சாமர்த்தியம் எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது. கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் எங்களுக்குச் சரிவில் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் வாழை, வீட்டை ஒட்டி இரண்டு பலா மரம். தொண்ணூற்றேழில் எனக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. படிப்பும் விடுதியும் அரசாங்கச் செலவில் நடக்க வேண்டுமென்றால் வருமானச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க அப்பாவும் நானும் மலையிறங்கித் தாலுகா ஆபீசுக்குப் புறப்பட்டோம். பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. காரியம் ஆக வேண்டும் என்பதற்காக அல்ல, கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். அதனால் அப்பா மரத்திலேயே பெரிய பலாப்பழமாகப் பார்த்து இறக்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் எழுபது வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பஸ் முழுக்க வாசனை.

அதிகாரி பழத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு மனுவைப் பார்த்தார்.

“ஏனுங்க, இத்தாப் பெரிய பழம் காய்க்கிற தோட்டத்துக்காரரு, வருசத்துக்கு இவ்வளவுதான் வருமானம்னு எழுதியிருக்கறீங்க?”

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எல்லாம் இப்படிக் காய்க்காதுங்க. இருக்கறதுலயே நல்லதாப் பார்த்து உங்களுக்குன்னு கொண்டாந்தனுங்க.”

நல்ல மனிதர் அவர். சிரித்துவிட்டார். கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். பழத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. “எடுத்துட்டுப் போயிருங்க. இங்க வெச்சா இதையும் வருமானத்துல சேக்கோணும்” என்றார். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பழத்தை அறுத்து முன்பின் தெரியாத பதினைந்து பேருக்குக் கொடுத்தோம். திரும்பும்போது அப்பா சான்றிதழை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம், “இவ்வளவுதானா கண்ணு நாம சம்பாரிக்கறது?” என்று கேட்டார். அந்தக் காகிதம்தான் என்னைப் படிக்க வைத்தது. அரசாங்கச் சோறு தின்று ஆளானவள் நான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. ஆனால் அந்தத் தொகையைப் படித்தபோது அப்பாவின் முகம் போன போக்கை மறக்கவும் முடியவில்லை.

நான் படித்து முடிப்பதற்குள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ரேஷன் கார்டில் பேர் எடுக்க அம்மாவும் நானும் போனோம். குடும்ப அட்டையில் முதல் பெயர் அவருடையது. அங்கிருந்தவர் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ‘இறப்பு’ என்று எழுதினார். அம்மா அதுவரை அழுததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி அங்கே அழுதாள். அன்றிலிருந்து கார்டை எடுத்தால் அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் கடைக்காரரிடம் நீட்டுவாள். அவளுக்குத் தெரிந்தவரை கார்டில் கோடு விழ இரண்டே காரணங்கள்தான். ஒன்று சாவு. இன்னொன்று கல்யாணம், அதுவும் பெண்ணுக்கு இன்னொரு வீட்டுக் கார்டில் பேர் ஏறினால்தான்.

நான் இங்கே வந்த இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டின் பின்சுவர் சரிந்தது. மண்சுவர். அம்மாவும் தம்பியும் முன்பக்கத்தில் படுத்திருந்ததால் தப்பித்தார்கள். நீதான் பவுண்டில் சம்பாதிக்கிறாயே, கட்டிக் கொடுக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கிருக்கிற நம்மவர்கள் கேட்க மாட்டார்கள். பவுண்டு என்பது ஊரில் எண்ணும்போதுதான் பெரிது. என்னை அனுப்பி வைத்த ஏஜெண்டுக்கும் தம்பியின் காலேஜுக்கும் போனால், மிச்சத்தில் சுவர் எழும்பாது. அந்த நேரத்தில்தான் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற குடும்பங்களைக் கணக்கெடுக்க ஊருக்கு ஆள் வந்தார். அந்தப் பட்டியலில் பேர் வந்தால் அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டித் தரும். இடிந்த சுவரோடு இருக்கிற விதவை. இவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சோளக்காட்டுச் சந்தைக்கு வருவாள். அங்கே எஸ்.டி.டி. பூத்தில் காத்திருப்பாள், நான் கூப்பிடுவேன். எனக்குக் காலை, அவளுக்கு மத்தியானம். பின்னால் அன்னாசிப்பழம் ஏலம் போடுகிற சத்தமும் பஸ் ஹாரனும் கேட்கும். அந்த வாரம் அவள் கணக்கெடுப்புக் கதையைச் சொன்னாள்.

வந்தவர் அடிவாரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு கேள்விக்கும் மார்க். நிலம் எவ்வளவு, கூரை என்ன, வீட்டில் அதிகம் படித்தவர் எது வரைக்கும், ஆளுக்கு எத்தனை துணி. மார்க் குறைந்தால் பாஸ், கூடினால் பெயில். இப்படி ஒரு பரீட்சையை அம்மா கண்டதில்லை. அவள் எல்லாவற்றுக்கும் நல்ல மார்க் வாங்கப் பார்த்திருக்கிறாள். படிப்பு என்றதும், “எம் பொண்ணுங்க, நர்சுப் படிப்பு, சீமையில வேலை” என்று சொல்லிவிட்டாள். துணி என்றதும் பெட்டியைத் திறந்து, நான் விட்டுவிட்டு வந்த சேலை, சுடிதாரையெல்லாம் எடுத்துப் போட்டு அதையும் எண்ணச் சொல்லியிருக்கிறாள்.

“அந்த வாத்தியாரு தங்கமான மனுசன் கண்ணு. பேனாவ மூடி வெச்சுட்டாரு. ‘ஏனுங்கம்மா, அந்தப் புள்ளதான் இங்க இல்லீங்களே. கார்டுல பேர எடுத்துட்டு வந்திருங்க, நான் பத்து நாள் கழிச்சு வாரேன். அது பேரு இல்லாட்டி மார்க்கு கொறைஞ்சு போயிரும், ஊடு கெடைச்சிரும்’னாரு.”

“அப்ப எடுத்துரு. முருகேசங்கிட்டச் சொல்லு, எழுதிக் குடுப்பான்” என்றேன்.

என் போன் கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா, கேக்குதா?”

“கேக்குது.”

“இடிஞ்ச ஊட்ல எத்தன மழைக்கு இருப்ப? பேருதானே? ஒரு கோடுதானே?”

“கோடா? அப்பன் பேருக்குக் கீழ உன் பேருக்கும் கோடு போடச் சொல்றியா? என்ன காரணம்னு எழுதுவாங்க? கல்யாணமா ஆச்சு உனக்கு?” குரல் உடைந்துவிட்டது. “உசுரோட இருக்கற புள்ளைய இல்லைன்னு எழுதிக் குடுத்து எனக்கு ஊடு வேண்டாஞ் சாமி. செவுரு உழுந்தா மறுக்கா வெச்சுக்கலாம்.”

நான் கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன். அவளுக்குப் படிப்பில்லை, விவரமில்லை என்றெல்லாம் சொன்னேன். பத்தாம் நாள் வாத்தியார் மறுபடியும் மலையேறி வந்து கேட்டிருக்கிறார். “இருக்காளுங்க” என்று மட்டும் சொன்னாளாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இரண்டு முறை மலையேறி வந்து கொடுத்தும், வாங்குகிறவள் கை நீட்டவில்லை. பட்டியல் ஒட்டியபோது எங்கள் பேர் அதில் இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தொகுப்பு வீடு வந்தது. அவர்களும் இல்லாதவர்கள்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. அம்மா மேல்தான் கோபம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குக் கூப்பிடாமல் இருந்தேன். அவள் இரண்டு வாரமும் வந்து, சாயங்காலம் கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்துவிட்டுப் போனதாகத் தம்பி பிறகு சொன்னான். அந்த இரண்டு வாரத்துக்கு இன்னும் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.

என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை உண்டு. இந்த நாட்டு அரசாங்கத்தின் உதவிப் பணம் எதையும் நான் கேட்கக் கூடாது என்று. வருமானம் குறைந்தாலும் சரி, உடம்புக்கு முடியாமல் போனாலும் சரி. இங்கே உதவி வாங்க நான் இந்த ஊர்க்காரி இல்லை. அங்கே என் அம்மா உதவி வாங்க முடியாதபடி நான் அந்த வீட்டுக்காரி. கோபம் வரும்போதெல்லாம் இதை ஒரு பெரிய அநியாயம் மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மூன்றாம் வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். பின்சுவர் இருந்த இடத்தில் தகரம் அடைத்திருந்தார்கள். பாதி வரைக்கும் கல் வைத்து ஏற்றியிருந்தான் தம்பி. காற்றுக்குத் தகரம் தடதடத்தது. அம்மா டீ போட்டாள். சர்க்கரைக்கு, அடுப்புப் பக்கம் இருந்த டப்பாவை விட்டுவிட்டு, கூரையோர எறவாணத்திலிருந்து ஒரு தூக்குப்போசியை இறக்கினாள். மூடியில் துணி சுற்றி, எறும்பு வராமல் மஞ்சள் தடவியிருந்தது.

“இதென்ன?”

“உன்ற சக்கரை.”

ரேஷனில் ஆளுக்கு அரைக் கிலோ. மூன்று பேருக்கு ஒன்றரை. மாதாமாதம் அவளுடையதும் தம்பியுடையதும் டப்பாவுக்குப் போகும், என்னுடையது தூக்குப்போசிக்கு. புதுசு வரும்போது பழசை எடுத்துச் செலவழித்துவிட்டு மறுபடியும் நிரப்பி வைத்திருக்கிறாள். ஒரு மாதமும் தப்பவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு ரேஷனில் பங்கு கிடையாது என்பது எனக்குத் தெரியும். வாத்தியாருக்குத் தெரியும். கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும். அம்மாவிடம் அதைச் சொல்ல என்னால் ஆகவில்லை. பெற்ற மனம் பித்து என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, அவள் விவரமில்லாமல் செய்யவில்லை. சுவரையும் என்னையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்துத்தான் ‘இருக்காளுங்க’ என்று சொல்லியிருக்கிறாள். தகரச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தேன். இனிப்பு கூடுதல்தான். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கல்சுவர் போன வருஷம்தான் முழுதாக எழும்பியது. இப்போது தம்பியிடம் செல்போன் இருக்கிறது. பேசுவதற்கு அம்மா சோளக்காடு வர வேண்டியதில்லை, வீட்டுக்கு மேலே பாறையில் ஏறினால் சிக்னல் கிடைக்கும்.

நகராட்சிக்காரர்கள் விடுவதில்லை. அவ்வப்போது அதே படிவத்தை அனுப்பி, இன்னும் தனியாகத்தான் இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படி வந்த படிவம் ஒன்று மேசைமேல் இருந்தது. ஹவுஸ்ஹோல்டில் எத்தனை பேர் என்கிற கட்டத்தில் ‘ஒன்று’ என்று எழுதி, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே தம்பியின் செல்போனுக்குக் கூப்பிட்டேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு எடுத்தாள். பாறை ஏறியிருக்கிறாள். “இந்த மாசம் ரேஷன்ல சக்கரை போட்டாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“நேத்தே போட்டாங்க கண்ணு” என்றாள். “மூணு பேருக்கும் வாங்கியாச்சு.”