ஒட்டுக்குக் கீழே கிளம்பிய தண்டு

“அது ரோஜா இல்லடி, காட்டுச்செடி. ஒட்டுக்குக் கீழ முளைச்சிருக்கு. இப்பவே பிச்சு எறி.”

மதில் மேல் மோவாயை வைத்துக்கொண்டு வெடுக்கென்று சொன்னாள் என் ஓரகத்தி, என் புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டவள். அவள் மடித்த போர்வையில் சுருக்கத்தையும் பார்க்க முடியாது, அவள் முகத்தில் சிரிப்பையும் பார்க்க முடியாது.

“வயிறு எரியுதாக்கா?” என்றேன்.

எரிந்தது எனக்குத்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது வெயில் விழும் பாதி அவளுக்குப் போனது. என் புருஷன் போய்ச் சேர்ந்தார். அவள் புருஷன் எழுபத்தைந்து வயதில் அவள் ரோஜாச் செடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறார். செடியோ ஆள் உயரம். ஒவ்வொரு கிளை நுனியிலும் ஐந்தாறு சிவப்புப் பூ, கொத்தாக. மொட்டு வைத்ததும் நடு மொட்டை மட்டும் நகத்தால் கிள்ளிவிடுவாள். அப்போதுதான் மற்றதெல்லாம் ஒன்றாக விரியுமாம். விரிந்த பிறகு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்வரை வாசலைப் பெருக்கிக்கொண்டே இருப்பாள்.

என் செடியும் அதே நாளில் அதே செடிக்காரரிடம் வாங்கியதுதான். இடுப்பைத் தாண்டவில்லை. ஒரு வருஷம் அடியிலிருந்து கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு தண்டு கிளம்பி, ஒரே மாதத்தில் அவள் செடியை எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த உரத்தையெல்லாம் அதற்கே கொட்டினேன். அப்போதுதான் அவள் அப்படிச் சொன்னாள், நான் இப்படிக் கேட்டேன். இரண்டு மாதம் பேச்சு நின்றது.

தண்டு பூத்தது. காசு அகலத்தில் வெள்ளைப் பூ, ஐந்தே இதழ். காட்டு வேரின் மேல் ஒட்டுக்கட்டிய நல்ல ரோஜாக் கிளைகள் சத்தில்லாமல் ஒவ்வொன்றாகக் காய்ந்து, மிச்சம் ஒன்றே ஒன்று.

அது செத்தால் அவள் சொன்னது பலித்ததாகிவிடும். கூப்பிடப் போனாலும் அவளுக்குத்தான் ஜெயம். செடியாவது பிழைக்கட்டும் என்று போனேன். “வந்து பாருக்கா,” என்றேன்.

குத்திக்காட்டுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளோ நேராகச் செடிக்குப் போனாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்டி, தண்டு வேரோடு சேரும் இடத்தைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக ஒரே இழுப்பில் கிழித்தாள். கத்தரியால் வெட்டினால் மறுபடி முளைக்கும் என்று அவள் புருஷன்தான் எனக்கு விளக்கினார். மிச்சமிருந்த கிளையையும் பாதியாக நறுக்கினாள்.

“செத்தா என்னைச் சொல்லாத,” என்று கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

சாகவில்லை. அடுத்த பருவத்தில் அந்தக் கிளை நெஞ்சு உயரம் வந்து ஒரே ஒரு கொத்து வைத்தது. நடு மொட்டை நானே கிள்ளினேன். ஏழு பூ. மதிலோரம் நின்று சத்தமாக எண்ணினேன். அவள் செடியில் எந்தக் கொத்திலும் ஆறுக்கு மேல் இல்லை என்று முன்பே எண்ணி வைத்திருந்தேன்.

மூன்று நாள் அவள் தலை தெரியவில்லை. தலைவலி என்றார் அவள் புருஷன். நான்காம் நாள், கொத்துக்கு ஒன்பது பூக்கும் என்று செடிக்காரர் அடித்துச் சொன்ன புதுச்செடி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். விலை கேட்டேன். காது கேட்காதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள். அவள் புருஷன்தான் மதில் மேல் எட்டி மெதுவாகச் சொன்னார், நானூற்று ஐம்பது என்று.