கரம்பொன் ஜசிந்தா பார்த்த கலம்

ஜசிந்தா ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடமொன்றில் ஆய்வுகூடச் சிற்றூழியர். போத்தில் கழுவி, மேசை துடைப்பது அவள் வேலை. கரம்பொன்னில் கடற்தொழில் செய்யும் மரியநாயகத்தின் மனைவி. அவளுடைய படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது.

ஆனால் உயிர்களின் உடலைக் கட்டும் கலத்தின் கதை அவளுக்கு மனப்பாடம். வருஷாவருஷம் வகுப்பின் பின்சுவரோடு நின்று கேட்டவள். தக்கைச் சீவலில் சிறுசிறு அறைகளைக் கண்டவர் ஓர் இங்கிலாந்துக்காரர். அவர் கண்டது செத்த சுவர்களை. தண்ணீரில் உயிரோடு நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டவரோ புடவை வியாபாரம் செய்த ஓர் ஒல்லாந்தர். மரமும் மாடும் கலங்களால் ஆனவையென்று ஜேர்மன்காரர் இருவர் சொல்ல மேலும் நூற்றறுபது வருஷம் பிடித்தது.

எல்லாம் கேட்டவள், ஒருநாளும் பார்த்ததில்லை. சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள்ளேயே இருந்தது. மாணவிகளும் புத்தகத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள்.

1967இல் ஒருநாள் விஞ்ஞான ஆசிரியர் வாமதேவனிடம் கேட்டாள்.

“சேர், ஒருக்கா நான் அதுக்குள்ளை பாக்கலாமோ?”

“நீர் போத்திலைக் கழுவும். அது படிச்ச ஆக்களுக்கு.”

“அந்த ஒல்லாந்தர் எந்தச் சர்வகலாசாலையிலை படிச்சவர், சேர்?”

வாமதேவன் அலுமாரியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒல்லாந்தர் தானே உருக்கிய கண்ணாடியால் பார்த்தவர் என்பதும் பாடத்தில் வந்ததுதான். குப்பைக்குப் போன கண்ணாடிக் கோலொன்றைக் கேட்டு வாங்கி, சுவாலையில் உருக்கி நூலாக இழுத்தாள். நுனியைத் திரும்பச் சூடாக்க, கடுகளவு மணி திரண்டது. பிஸ்கற் தகரத்தில் ஊசியால் துளையிட்டு அதில் பதித்தாள். விரலெல்லாம் கொப்புளம்.

“உமக்கென்ன விசரே?” என்றார் மரியநாயகம்.

“ஓம், விசர்தான். அந்த வெங்காயத்தை எடுங்கோ.”

பதினேழு மணிகள் பழுதாயின. பதினெட்டாவதைக் கண்ணோடு ஒட்டி, வெங்காயத்தோலை வெயிலுக்கு நேரே பிடித்தாள். கல்லடுக்கிய வேலிபோல் வரிசையாகக் கலங்கள். “இருக்கு!” என்று கத்தினாள். மரியநாயகமும் பார்த்தார், பார்த்துவிட்டு இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

அடுத்த நாள் வாமதேவன் கரும்பலகையில் கலம் வரைந்துகொண்டிருக்க, அவள் யன்னலடியில் நின்று மாணவிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினாள். வகுப்பு முழுக்க எழுந்து போய்விட்டது.

அதிபர் மன்னிப்புக் கடிதம் கேட்டார்.

“நான் காட்டினது பொய்யெண்டால் எழுதித் தாறன், சேர். உண்மைக்கு மன்னிப்புக் கேக்க என்னாலை ஏலாது.”

நெடுந்தீவுப் பள்ளிக்கூடமொன்றுக்கு மாற்றிவிட்டார்கள். கடற்காற்றில் படகேறி, தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடமே இல்லை. பாசிக்குளத்துத் தண்ணீரில் ஒரு துளி எடுத்து, அதில் ஓடித் திரிந்ததை முதலில் ஆசிரியர்களுக்கே காட்டினாள். அங்கே யாரும் தடுக்கவில்லை.

வருஷ முடிவில் ஊழியர் விபரப் படிவம் வந்தது. ‘தகைமை’ என்ற இடத்தில் எழுதினாள்: ஆறாம் வகுப்பு. கலம் பார்த்திருக்கிறேன்.

கல்வித் திணைக்களக் கந்தோரில் இரண்டாவது வசனத்தைச் சிவப்பு மையால் வெட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவள் அதை இன்னும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினாள்.