சார்ஜன் பத்துமலைக்கு வராத நட்சத்திரம்

சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த பத்துமலை, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஈப்போவுக்கு வந்து தொழிற்சாலைக் காவலரானார். வார இறுதியில் ராணுவத் தொண்டர் படை. பதினாறு வருஷம் காடுமேடு அலைந்து அதில் சார்ஜன் ஆனவர். 1979இல் லெப்டினன்ட் இடம் ஒன்று காலியானது. நாற்பது தாண்டினால் தோளில் அந்த அதிகாரி நட்சத்திரம் கிடையாது, அவருக்கு முப்பத்தொன்பது. பரீட்சையில் முதலாவதாக வந்தார்.

கிடைத்தது பழனியப்பனுக்கு. கட்சிக் கிளைச் செயலாளன். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியுமோ தெரியாதோ, தலைவர் காரைவிட்டு இறங்கும் நேரம் பார்த்து மாலையை நீட்டத் தெரியும். அதற்கு ஒரு நட்சத்திரம்! வெட்கமாவது மண்ணாவது.

முதல் பயிற்சியிலேயே ஐயாவின் சாயம் வெளுத்தது. படை இரண்டு பிரிவாகப் பத்துமலையின் பழைய தோட்டத்துக்குள் போய், ஒன்பது மணிக்கு மாரியம்மன் கோயிலில் கூட வேண்டும் என்று உத்தரவு போட்டான். தோட்டம் விற்றபோதே அம்மனை டவுனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படையின் வரைபடத்தில் மட்டும் கோயில் பழைய இடத்தில் இருந்தது. எந்தக் கோயில் என்று பத்துமலை கேட்டதற்கு, சொன்னதைச் செய் என்று எரிந்து விழுந்தான். டவுன் கோயில் கும்பாபிஷேகத்தில் முதல் மாலை வாங்கியவனே அவன்தான்.

அம்மன் இருக்கும் இடந்தானே கோயில்! படையில் பாதிப் பேர் அந்தத் தோட்டத்து ஆட்கள், அவர்கள் டவுனுக்குப் போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் பழைய கோயிலின் இடிந்த மேடையில். பயிற்சியைப் பார்வையிட வந்த கர்னல் அங்கே மூன்று மணி நேரம் வெயிலில் காய்ந்தார்.

விசாரணை வந்தது. பழனியப்பன் பத்துமலையைக் கோப்பிக் கடைக்கு அழைத்தான். உத்தரவைத் தப்பாகச் சொன்னது தான்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தால், கிளை சிபாரிசு செய்து அடுத்த மாதமே ஆபீசராக்கிவிடுமாம். கட்சி உறுப்பினர் பாரத்தையும் நீட்டினான். நாற்பதுக்கு இன்னும் இரண்டே மாதம். பத்துமலை பேனாவை எடுத்தார். எடுத்தார்தான், பொய் சொல்வானேன்? ஆசை அவ்வளவு இருந்தது.

பிறகு மூடி வைத்தார். மேலதிகாரிக்குரிய மரியாதை குறையாமல்தான் சொன்னார்: "இதுல கையெழுத்து போட்டா எனக்கும் ஸ்டார் வரும், துவான். அப்புறம் ஆளுங்க ஒங்கள பாக்குற மாதிரிதான் என்னையும் பாப்பாங்க. வேணாம்லா."

பழி எப்படியும் அவர் தலையில்தான் விழுந்தது. சார்ஜன், கோப்ரலாக இறங்கினார். பழனியப்பன் மறுவருஷமே கேப்டன். அந்தப் படையின் யோக்கியதை அவ்வளவுதான். அடுத்த பயிற்சியில் கேப்டன் தொண்டை கிழியக் கத்தி உத்தரவு போட்டான். முப்பது பேரில் ஒருவரும் அசையவில்லை. கோப்ரல் பத்துமலை தலையசைத்த பிறகுதான் நடந்தார்கள்.