கருவறை வரை இறங்கி வந்தவர்

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பலருக்கு என் அக்காவை பேக்கரியில் ரொட்டி எடுத்துக் கொடுத்தவராகத் தெரியும். சிலருக்கு மாதா கோவிலில் கடைசி பெஞ்சில் உட்காருபவராகத் தெரியும். இன்னும் சிலருக்கு, குழந்தையைப் பறிகொடுத்த வீட்டிற்கு எல்லாருக்கும் முன்பாக வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், தாயின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவராகத் தெரியும். அவர் ஏன் அப்படி வந்து உட்கார்ந்தார் என்பதை அவர் இறந்த முப்பதாம் நாளிலாவது சொல்லிவிட வேண்டும் என்று மாமா கேட்டுக்கொண்டார். அக்காவின் கணவரைத்தான் மாமா என்கிறேன். நான் அக்காவின் ஒரே தங்கை.

அக்கா முதலியார்பேட்டையில் பிறந்தார். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே அம்மா காலமாகிவிட்டதால், எனக்குத் தலை பின்னிவிட்டதும் சோறு ஊட்டியதும் அக்காதான். அப்பா பக்தியுள்ளவர். ஆனால் அவர் எங்களுக்குக் காட்டிய கடவுள் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பவர், தண்டிக்கக் காத்திருப்பவர். இடி இடித்தால், "யாரு இன்னா தப்பு பண்ணீங்க?" என்றுதான் அப்பா கேட்பார். நான் ஓடிப்போய் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அக்காவுக்கு ஒளிய ஆளில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்.

மாமாவும் அதே ஆலையில் வேலை செய்தவர். கல்யாணமாகி அடுத்த வருடம் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. காலையில் பிறந்த குழந்தை அன்று சாயங்காலமே இறந்துபோனது. அவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்று யாரும் எண்ணவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. மாமா அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், கல்லறைத் தோட்டத்தின் மதிலோரம், பெயரில்லாமல், சிலுவையில்லாமல் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

மறுநாள் மாமாவின் சித்தி பார்க்க வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா ஒருவரின் மனைவி அவர். அந்தக் குடும்பத்து வழக்கப்படி சித்தியை எல்லாரும் 'தாந்த்' என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனம் உள்ளவர் அல்ல. ஆறுதல் சொல்லத்தான் வந்தார். தனக்குச் சின்ன வயதில் கன்னியர் மடத்தில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார்.

"அழாதம்மா. அது ஒரு பாவமும் பண்ணல, அதனால நரகத்துக்குப் போவாது. ஞானஸ்நானம் இல்லாததால மோட்சத்துக்கும் போவ முடியாது. நடுவுல ஒரு எடம் இருக்குது, அங்க இருக்கும். கஷ்டம் ஒன்னும் இருக்காது. கடவுள் மொகத்தை மட்டும் பார்க்காது."

அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டார்.

"அங்க இருட்டா இருக்குமா தாந்த்?" என்று கேட்டார்.

தாந்த் பதில் சொல்லவில்லை. தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். குனிந்து, தன் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அந்தப் பதில் இல்லாமையைத்தான் அக்கா அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் சுமந்தார்.

மறுபடி கருவுற்றபோது அக்காவின் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. வயிறு தெரியத் தொடங்கியதும் போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தார். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாமா, என்ன சொல்ல வேண்டும், எப்படித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் படுக்கும் இடத்தில், சமைக்கும் இடத்தில், துணி துவைக்கும் இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். என்னையும் விடவில்லை. நான் ஏதோ வேலையாக இருக்கும்போது திடீரென்று வந்து, "எங்க, அந்த வார்த்தைய ஒருவாட்டி சொல்லு பார்ப்போம்" என்பார். சொல்லிக் காட்ட வேண்டும்.

மாதம் நிறையவில்லை. அடைமழை நாள். தெருவில் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. மாமா ஆலையில் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்த நேரத்தில் அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. நான் வாசலில் நின்று கத்தியதும் எதிர்வீட்டு சபியாக்கா தண்ணீரில் இறங்கி வந்தார். பாத்திரக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. சபியாக்கா மூன்று பிள்ளை பெற்றவர். வந்தவர் அக்காவைப் பார்த்ததுமே, "ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. பின்னாடி உட்கார்ந்து புடிச்சிக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினார்.

குழந்தை வந்தது. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. சபியாக்கா அதன் வாயைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார். சத்தமே இல்லை. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும்தான்.

"சபியா, ஏன் அழல?"

"இரும்மா. இரு."

"தண்ணி ஊத்து. அந்தச் செம்புல இருக்குது. தலையில ஊத்து. நான் சொல்றத அப்படியே சொல்லு."

சபியாக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் அக்காவுக்குப் பின்னால் இருந்தேன். என் இரண்டு மணிக்கட்டையும் அக்கா இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நான் எப்பிடிம்மா? உங்க மார்க்கத்து ஆளே இல்லையே நானு."

"யாரு வேணா செய்யலாம். சாமியாரைக் கேட்டு வெச்சிருக்கேன். புள்ள உன் கையிலதான் இருக்குது சபியா. நேரமில்ல. உன் கால்ல விழறேன், சொல்லு."

அக்கா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். சபியாக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, தண்ணீர் வார்த்தார். என்ன பெயர் என்று கேட்டபோது, "மரியா" என்றார் அக்கா. மூன்றாம் முறை தண்ணீர் விழுந்தபின், சபியாக்கா குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டினார். மரியா பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டாள். பிறகுதான் சரியாக அழுதாள்.

அதைப் பற்றிச் சபியாக்கா வெகு காலம் பேசியதில்லை. ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். "கடவுளுக்குப் புள்ளை கெடையாது, அவர் மனுசனா பொறக்கலன்னு சொல்லிச் சொல்லி வளர்ந்தவ நானு. அந்த வார்த்தை என் வாயில வரக்கூடாது. எனக்கும் அல்லாவுக்குப் பயம் உண்டு. ஆனா உங்கக்கா மூஞ்சியப் பார்த்தேன். அதுக்கு மேல ஒன்னும் யோசிக்க முடியல." வீட்டுக்குப் போய் அன்று முழுவதும் தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். ஊற்றிய தண்ணீர் செல்லும், மறுபடி ஊற்ற வேண்டியதில்லை என்றார். அன்றோடு அக்காவின் பயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். அது இரண்டு மடங்காகிவிட்டது.

"இவளுக்கு ஒரு கை தண்ணி கெடைச்சுது. அவனுக்குக் கெடைக்கல. ஒரே வயித்துல இருந்ததுங்க. மோட்சத்துக்கு ஒன்னு உள்ள, ஒன்னு வெளிய. அது இன்னா நியாயம்?" என்று கேட்பார். கேட்ட மறுகணமே வாயைப் பொத்திக்கொள்வார். அப்படிக் கேட்டதற்காகக் கடவுள் மரியாவை எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்ற பயம். மரியாவுக்குக் காய்ச்சல் வந்தால் அக்கா சாப்பிடமாட்டார். கிறிஸ்மஸ் பூசையில் பாலன் இயேசுவைக் குடிலில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். கல்லறைத் திருநாளில் மதிலோரம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஏற்றியது தப்போ என்று பயந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார்.

ஆலை மூடப்பட்டபின் மாமாவுக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. அக்கா நகரத்தில் ஒரு பேக்கரியில் சேர்ந்து, முழங்கால் வீங்கும்வரை நின்று வேலை பார்த்து மரியாவைப் படிக்கவைத்தார். அந்த வருடங்களில் புதிதாக வந்த ஒரு சாமியார் அக்காவிடம் நல்லபடியாகப் பேசினார். தாந்த் சொன்ன அந்த நடு இடத்தைத் திருச்சபை இப்போது அப்படிச் சொல்வதில்லை, குழந்தையைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்துவிட்டு நம்பிக்கையோடு இருக்கலாம் என்றார். அக்கா கைகூப்பி நன்றி சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம், "நம்பலாம்னுதான் சொல்றாரு. தெரியும்னு சொல்லலியே" என்றார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு இதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியாது, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே இருப்பார். மூச்சு வாங்கும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் போற எடத்துல அவன் இருப்பானா? இல்லன்னா நான் மட்டும் போய் இன்னா பண்றது?" சொர்க்கத்தை நினைத்தே ஒருவர் பயப்படுவதை அப்போதுதான் கண்டேன்.

மரியா கல்யாணமாகி மூலக்குளத்தில் இருக்கிறாள். ஏற்கெனவே ஒருமுறை கரு கலைந்துபோனதால், மறுபடி கருவுற்றதை அக்காவிடம் சொல்லவே பயந்தாள். முதல் ஸ்கேன் எடுத்த பிறகுதான் வந்தாள். செல்போனில் இருந்த ஸ்கேன் வீடியோவை அக்காவிடம் நீட்டினாள். கறுப்பாக இருந்தது. நடுவில் பயறு போல ஏதோ ஒன்று. அதற்குள் ஒரு புள்ளி மின்னி மின்னி அணைந்தது.

"இது இன்னாடி?"

"இதயம்மா. துடிக்குது பாரு."

"கை காலு?"

"இன்னும் வரல."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்கு மூச்சு இரைப்பதைப் பார்த்து நான் போனை வாங்கப் போனேன். விடவில்லை.

"அவரும் இப்பிடித்தானே இருந்திருப்பாரு?"

யாரைச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை.

"நம்ம ஆண்டவருதான். கடவுள் மனுசனானார், மனுசனானார்னு சின்ன வயசிலேர்ந்து சொல்றோம். மாட்டுக்கொட்டாயில பொறந்தார்ங்கறதைத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடி மாதாவோட வயித்துல இம்மாத்தூண்டு இருந்திருக்காரு. பேரில்ல, கண்ணில்ல, கை காலில்ல. இருட்டுல. நம்மளை மீட்கறதுக்கு அங்கயிருந்தே ஆரம்பிச்சிருக்காரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "எம்புள்ள இருந்த எடத்துல அவரும் இருந்திருக்காரு. அப்போ அவனைத் தெரியாதுன்னு அவரு எப்பிடிச் சொல்வாரு?"

மரியா அழுதாள். அக்கா அழவில்லை. அன்று கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

அதோடு பயம் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது பொய்யாகிவிடும். சில நாள் போகும், மறுபடி வரும். கிறிஸ்மஸுக்குச் சில நாள் முன்பு சாமியார் வீட்டுக்கு வந்து, எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன காலைப்பொழுதில், அக்காவின் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. சபியாக்கா பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இப்போது முழங்காலில் வலி. எங்கள் வீட்டுப் படி ஏறவே சிரமப்படுகிறார்.

"பயமா இருக்குது சபியா."

"எனக்குந்தாம்மா. நானும் ஒருநாள் போவத்தானே போறேன்."

"எங்க ஆண்டவரும் பயந்தாரு. சாவறதுக்கு முந்தின நாளு, தோட்டத்துல. இப்பிடித்தான் வேர்த்துது அவருக்கும்." சற்று நிறுத்தி, "பயம் இருந்துட்டுப் போவட்டும். அதுவும் அவருக்குத் தெரிஞ்சதுதான்" என்றார்.

சபியாக்கா துண்டைப் பிழிந்து மறுபடி நெற்றியைத் துடைத்தார். மதியத்துக்கு முன்பே அக்காவின் மூச்சு அடங்கியது. மாமா கேட்டுக்கொண்டபடி, மதிலோரத்தில், அவர் மகனுக்குப் பக்கத்திலேயே அக்காவை அடக்கம் செய்ய அனுமதித்தார்கள்.

அக்காவின் நோயில் உடனிருந்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கடைசி வரை நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், பேக்கரியில் உடன் வேலை பார்த்தவர்களுக்கும், மழையென்று பாராமல் அடக்கத்துக்கு வந்து தோள் கொடுத்த தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சபியாக்காவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் மரியாவுக்குப் பிரசவம். நேற்று இந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "சித்தி, எனக்குப் பயமா இருக்குது" என்றாள். பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் பயம்தான், மாமாவுக்கும் பயம்தான். நீங்கள் எந்தக் கடவுளை எந்தப் பெயரில் வேண்டுபவராக இருந்தாலும், எங்கள் மரியாவையும் அவள் வயிற்றில் இருக்கும், இன்னும் பெயர் வைக்காத அந்தச் சிறு உயிரையும் மறவாமல் நினைத்துக்கொள்ளுங்கள்.