ஸ்கூட்டிக்குப் பின்னால் ஒரு லெஃப்ட் கார்னர்

ஸ்கூட்டி கற்றுக்கொடுக்கும் தொழிலில் ஓட்டுவது பழக வருகிறவர்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பது நாம். வீட்டில் மனைவிக்கோ அண்ணிக்கோ ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்துப் பார்த்த புண்ணியவான்களுக்கு என் பாடு தெரியும்.

நான் ஏழு வருஷம் கபடி ஆடியவள். இடது கோடியில் நின்று ஆளைப் பிடிக்கிற லெஃப்ட் கார்னர். பாடி வருகிறவளின் காலைப் பிடித்தால் செல்வி விடமாட்டாள் என்று மதுரைப் பக்கம் பெயர் உண்டு. சின்ன வயசில் வந்த காய்ச்சல் ஒன்று இதய வால்வைச் சத்தமில்லாமல் கெடுத்து வைத்திருந்தது, எனக்கு இருபத்து நாலு வயசில்தான் தெரிந்தது. ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்பதால் கபடி கூடாது என்றுவிட்டார் டாக்டர். பிழைப்புக்கு ஸ்கூட்டி வகுப்பு நடத்தட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், நடக்கிற வேகத்தைத் தாண்டக் கூடாது, விழவே கூடாது என்று அரைமனதாகத் தலையாட்டினார்.

வகுப்புக்குக் கிடைத்ததோ நான் ஆடிய அதே மைதானம். கிழக்கு மூலையில் இப்போதும் பெண்கள் கபடி ப்ராக்டிஸ் நடக்கிறது. அந்தப் பக்கம் பார்த்தால் அழுதுவிடுவேன். அதனால் மேற்கு ஓரத்தில், கோர்ட்டுக்கு முதுகைக் காட்டியபடியே பாடம் நடத்தினேன்.

பிடித்தது யாரை?

மல்லிகா அக்காவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை. ஆட்டோவுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போய் வண்டி பழக வந்தவர். நான் பக்கத்திலேயே நடந்து வர, அவர் ஓட்டினார். திடீரென்று ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டார். வண்டி சாய்ந்தது. என் மூளை யோசிப்பதற்குள் கை வேலையைக் காட்டிவிட்டது. இடுப்போடு சேர்த்து அக்காவை அப்படியே தூக்கி நிறுத்திவிட்டேன். வண்டி தன்பாட்டுக்குப் போய்ப் புதரில் படுத்துக்கொண்டது.

பிடியை விடாமல் நடுவர் விசிலுக்காகக் காத்திருந்தேன். விசில் வரவில்லை, அக்காவின் குரல்தான் வந்தது: "ஏத்தா, வண்டியப் பிடிக்கச் சொன்னா என்னையப் பிடிச்சிருக்க! நான் எங்கிட்டும் ஓடிப்போயிர மாட்டேன், விடு."

வாட்ச் சத்தம்

ஸ்டெல்லா டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். பிள்ளைகளை மிரட்டும் அதே டீச்சர் வண்டியில் ஏறினால் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் காலையில் வண்டியை அணைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். ஈ, காக்கா சத்தம்கூட இல்லை. "உன் வாட்ச் என்ன இம்புட்டுச் சத்தமா ஓடுது?" என்றார், பின்னால் திரும்பாமலே. என் கையில் வாட்ச் கிடையாது.

வால்வு மூடும் சத்தம் அது என்றேன். அதோடு கபடி போன கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே தோன்றியது. இதயம் சரியில்லாதவளிடம் யார் வண்டி பழகுவார்கள்? டீச்சர் சாவியைத் திருகினார். "அது பாட்டுக்கு ஓடட்டும்மா, நிக்க வேணாம். பிரேக்கு நான் மட்டும் போட்டுக்கிறேன்."

மூன்றாவது தடவை

ஒரு வருஷம் போனால் ஒருவேளை ஆட விடுவார்கள் என்று ஓர் ஆசை எனக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன். மூன்றாவது தடவை கேட்டபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதை மறந்துடும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் வலித்தது.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் "கபடி கபடி" என்று ஒரு பெண் பாடுவது கேட்டது. கண்ணில் தூசி என்றேன் மல்லிகா அக்காவிடம். அவர் என்ன தூசி என்று கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு துணியை எடுத்தார். "அழுகுறதுன்னா நல்லா அழுதுட்டு வா. அதுவரைக்கும் நான் வண்டியத் தொடைக்கிறேன்."

இறங்கு

அடுத்த மாதம் ஒரு காலையில், பின்னால் ஏறி உட்கார்ந்த என்னிடம் மல்லிகா அக்கா திரும்பினார். "நீ இறங்கு. நான் ஒத்தையாப் போறேன்." சரி என்றேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் என் கை இரண்டும் சும்மா தொங்கின. அக்கா மேற்கு ஓரத்தோடு நிற்கவில்லை. நேராகக் கிழக்கே போனார்.

மாணவி போகும் பக்கம் பார்க்காமல் வாத்தியார் வேலை பார்க்க முடியுமா? திரும்பினேன். மாதக் கணக்கில் பார்க்காத கோர்ட் கண்ணெதிரே. என் லெஃப்ட் கார்னரில் யாரோ ஒரு பெண் நின்றாள். அவள் கால், மிதித்தால் அவுட் ஆகிற எல்லைக் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. "காலை உள்ள வை புள்ள!" என்று கத்திவிட்டேன். அவள் வைத்தாள். அடுத்த ரெய்டில் பாடி வந்தவளின் கணுக்காலை வளைத்துப் பிடித்தாள். நான் அங்கிருந்தே கை தட்டினேன். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன், வரவே இல்லை.

பக்கத்தில் பிரேக் சத்தம். மல்லிகா அக்கா முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். முகமெல்லாம் கோபம். "நான் அம்புட்டுத் தூரம் ஒத்தையாப் போயிட்டு வாரேன், நீ எவளையோ பாத்துக் கை தட்டிக்கிட்டு நிக்கிற!"

ஏழு வருஷம் ஆளைப் போகவிடாமல் பிடித்தே பெயர் வாங்கிய நான், இப்போது பிடியை விட்டுப் போகவிடுவதற்கு ஃபீஸ் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.